அவனீந்திரரின் நீர்வண்ணமும் அழுகை மெய்ப்பாடும்

சுமையைச் சுமந்தவாறே ஓர் ஒட்டகம் மண்டியிட்டு வீழ்கிறது. முன்னங்கால்கள் மடிந்து நிலத்தைத் தொட்டுவிட்டன. பின்னுடல் இன்னும் முழுதும் தாழவில்லை. முதுகில் ஏற்றிய பொதி கட்டியபடியே இருக்கிறது. சுற்றிலும் செம்மை படர்ந்த அந்தி. வணிகன் இல்லை; கூடாரம் இல்லை; வழித்துணையாக வேறோர் உயிரும் இல்லை. தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்த இச்சிறு ஓவியம், 1913 ஆம் ஆண்டை ஒட்டி, நீரில் கரைத்த வண்ணங்களால் தாளின்மேல் தீட்டப்பெற்றது. பயணத்தின் முடிவு என்பது இதன் பெயர். இதனை வரைந்தவர் வங்கத்தின் அவனீந்திரநாத தாகூர்.

வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், மாதனூர் வழியாக வேலூர் வரை பாலாற்றங்கரையில் வாழும் மக்களுக்கு விலங்கின் தோல் அன்றாடம் காணும் பொருள். உழைத்து ஓய்ந்த உயிர் தோலாக வந்து சேர்ந்தபின் நிகழ்வன எல்லாம் இப்பகுதி நன்கறியும். அதற்கு முற்பட்ட ஒரு கணத்தை, சுமந்த உயிர் தளரும் கணத்தை, வண்ணத்தில் நிறுத்தி வைத்தார் அவனீந்திரர். செல்வக் குடியில் பிறந்து, மாளிகையின் தாழ்வாரத்தில் அமர்ந்து ஓவியம் தீட்டிய ஒருவர் அக்கணத்தை எவ்வாறு கண்டுகொண்டார்? இவ்வினாவிற்கு அவர்தம் வாழ்க்கையே விடை தருகிறது.

இளமை

அவனீந்திரநாதர் 1871 ஆகஸ்டு 7 ஆம் நாள் கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் இருந்த தாகூர் குடும்பத்து இல்லத்தில் பிறந்தார். துவாரகாநாத தாகூரின் கொள்ளுப்பேரர். கவியரசர் இரவீந்திரநாதருக்கு அண்ணன் மகன் முறை. பாட்டனார் கிரீந்திரநாதரும் தந்தையார் குணேந்திரநாதரும் ஓவியப் பழக்கம் உடையவர்கள். அண்ணன் ககனேந்திரநாதரும் தங்கை சுனயனி தேவியும் பின்னாளில் ஓவியர்களாகவே புகழ்பெற்றனர். ஆயினும் அந்த இல்லத்தின் நிறைவு நெடுநாள் நிலைக்கவில்லை. 1881 ஆம் ஆண்டில், மகனுக்குப் பத்து வயதாகும் காலத்தில், முப்பத்து நான்கே வயதான தந்தையார் மறைந்தார். இழப்பு என்பது இளமையிலேயே அவருக்கு அறிமுகமாயிற்று.

சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்ற அவர், பின்னர் ஐரோப்பிய முறையில் ஓவியம் கற்கத் தொடங்கினார். இத்தாலியரான கிலார்டியிடம் வண்ணக்கோல் ஓவியமும், ஆங்கிலேயரான பாமரிடம் எண்ணெய் வண்ணமும் உருவ வரைவும் கற்றார். பாமரின் கூடத்தில் மனித மண்டையோடு ஒன்றை வைத்து வரையச் செய்தபோது அவர் மனம் கலங்கி, வீடு திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார் என்பது அவரே பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி. சாவை எலும்பாக எதிரில் வைத்துப் பார்த்து வரைவது அவர் இயல்புக்கு ஒவ்வாததாயிற்று. சாவை வேறு எவ்வாறு வரைவது என்பதை அவர் அப்போது அறியவில்லை.

இக்காலத்தே எழுத்திலும் அவர் ஈடுபட்டார். சிற்றப்பா இரவீந்திரரின் தூண்டுதலால் சிறுவர்களுக்காகச் சகுந்தலை கதையை 1895 இல் வெளியிட்டார். 1895 முதல் 1897 வரை கண்ணன் லீலைகளை ஓவிய வரிசையாகத் தீட்டினார். அவர்தம் குடும்பத்தார்க்கு வந்து சேர்ந்த பழைய சிற்றோவியத் தொகுப்பு ஒன்று, மேனாட்டு முறையினின்றும் அவரைத் திருப்பியது. வங்காளக் கலை மறுமலர்ச்சி இவ்வரிசையிலிருந்தே தொடங்குகிறது என்பர்.

ஹாவெல் காட்டிய வழி

சென்னைக் கலைப்பள்ளியில் 1884 ஆம் ஆண்டு பொறுப்பேற்றுச் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர் ஈ. பி. ஹாவெல். தென்னாட்டுக் கைவினைஞர்களின் ஆற்றலை நேரிற் கண்டவர் அவர். 1896 இல் அவர் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். கிரேக்கச் சிலைகளின் சுதைப் படிகளைப் பார்த்து வரைவதே கல்வி என்றிருந்த நிலையை மாற்றி, முகலாயச் சிற்றோவியங்களைத் தேடித் திரட்டி மாணவர் முன் வைத்தார். அவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கிய அவனீந்திரர், இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும் நுட்பம் கண்டு வியந்தார். அவ்வளவு நுட்பத்திலும் ஒன்று குறைவதாக அவருக்குப் பட்டது. அது பாவம் என்று வடநூலாரும் மெய்ப்பாடு என்று தமிழரும் கூறும் உணர்ச்சி நிலை. அதனைச் சேர்ப்பதே தம் பணி என்று அவர் கொண்டார். 1905 முதல் 1915 வரை அக்கலைப்பள்ளியின் துணை முதல்வராகவும் இருந்தார்.

மகளின் மறைவு

1898 முதல் கல்கத்தாவைக் கொள்ளைநோய் வாட்டியது. தாகூர் குடும்பத்தாரும் சகோதரி நிவேதிதையும் நோயுற்றோர்க்கான பணிகளில் ஈடுபட்டனர். அந்நோய் அவனீந்திரரின் வீட்டினுள்ளும் புகுந்தது. அவர்தம் இளமகளைக் கொண்டு சென்றது. அத்துயரின் பின்னர் அவர் தீட்டியதே ஷாஜகானின் இறுதி என்னும் ஓவியம். 1902 இல் வரையப்பெற்ற அது, தில்லி தர்பாரை ஒட்டி நடைபெற்ற கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்று அவர் பெயரை நாடறியச் செய்தது.

அவ்வோவியத்தில் சிறைப்பட்ட முதிய மன்னன் மாடத்தில் சாய்ந்து கிடக்கிறான். தொலைவில் நிலவொளியில் தாஜ்மகால் மிகச் சிறிதாகத் தோன்றுகிறது. மன்னனின் காலடியில் மகள் ஜகனாரா அமர்ந்திருக்கிறாள். தந்தை மறைகிறான், மகள் இருக்கிறாள். ஓவியரின் வாழ்வில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. மாறிப்போன முறையை ஓவியத்தில் அவர் நேராக்கிக்கொண்டார் போலும். தம் உள்ளத்து வேதனை முழுவதையும் இவ்வோவியத்தில் இட்டதாக அவர் பின்னர்க் கூறியுள்ளார்.

ஆயினும் இது எண்ணெய் வண்ணத்தில் அமைந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இதன் துயரம் கதையைச் சார்ந்து நிற்கிறது. ஷாஜகான் யார், மும்தாஜ் யார், தொலைவில் தெரிவது எது என அறிந்தவர்க்கே அது முழுமையாகப் புலப்படும். கதையின் துணையின்றித் துயரைத் தாளில் நிறுத்தும் வழி அவருக்கு மறு ஆண்டே கிட்டியது.

நீரின் பணி

ஜப்பானியக் கலையறிஞர் ஒகாகுரா 1902 இல் கல்கத்தாவிற்கு வந்து தாகூர் குடும்பத்தாருடன் நட்புக் கொண்டார். அவர்தம் தொடர்பால் 1903 இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிடா சுன்சோ என்னும் இரு ஓவியர்கள் அங்கு வந்தனர். கோடுகளைக் கரைத்து மூட்டமாக வரையும் அவர்கள் முறையைத் தாய்நாட்டில் பலர் எள்ளி நகையாடிய காலம் அது. தைக்கான் நீர் தோய்ந்த தூரிகையால் தாளை நனைத்து நனைத்து வரைவதை அவனீந்திரர் உற்று நோக்கினார். நோக்கியவர் ஒருபடி மேலே சென்றார். தாம் வண்ணமிட்ட ஓவியத்தை முழுவதுமாக நீரில் அமிழ்த்தினார்.

இம்முறையின் போக்கு இது. முதலில் மெல்லிய கோடுகளால் உருவம் வரையப்படும். நீர்த்த வண்ணம் பூசி உலரவைப்பர். உலர்ந்த தாளை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி எடுப்பர். பற்றாத வண்ணம் நீரோடு போய்விடும்; தாளின் நாரில் ஊறிய வண்ணம் மட்டும் தங்கும். மீண்டும் பூச்சு, மீண்டும் அமிழ்த்தல். இவ்வாறு பலமுறை செய்தபின் வண்ணங்களின் எல்லைகள் ஒன்றில் ஒன்று கரைந்து, தாள் முழுவதும் ஒரே ஒளி பரவும். வேண்டிய இடங்களில் மட்டும் இறுதியில் கோடு தெளிவாக்கப்படும்.

தோல் பதனிடுவோர்க்கு இது விளங்காத செயல் அன்று. ஊறவைத்தும், சுண்ணாம்பிட்டும், கழுவியும், ஆவாரம்பட்டைச் சாற்றில் மீண்டும் ஊறவைத்தும் தோலைப் பக்குவப்படுத்தும் பழைய முறையில், அழுகிப் போவதை நீர் கொண்டு போகும். நிலைப்பது தோலில் தங்கும். அவனீந்திரரின் ஓவியத்திலும் நீர் இப்பணியையே செய்தது. சினம், ஆரவாரம், கதை, அணி ஆகியவை கழுவப்பட்டன. கழுவியபின் எஞ்சிய ஒன்றே அவ்வோவியங்களின் துயரம்.

1905 இல் வங்கப் பிரிவினை மூண்டபோது வரைந்த பாரத மாதா ஓவியமும் இம்முறையில் அமைந்ததே. ஏடு, நெற்கதிர், ஆடை, செபமாலை ஆகியவற்றை நான்கு கைகளில் ஏந்திய காவியுடைப் பெண்ணுருவம் அது. போர்க்குரல் ஓங்கிய காலத்தில் வரையப்பெற்றும் அவ்வுருவின் கையில் படைக்கலம் இல்லை என்பது நோக்கத்தக்கது.

பயணத்தின் முடிவு

நீர்வண்ண முறை கைவந்து பத்தாண்டுகள் கழிந்தபின் பிறந்தது ஒட்டக ஓவியம். சுமை தாங்காது வீழும் ஒட்டகத்தை அயலார் ஆட்சியில் அடிமைப்பட்ட நாட்டின் குறியீடாகக் கொள்வோர் உண்டு. உழைப்பாரின் நிலையாகக் காண்போரும் உண்டு. வாழ்க்கைப் பயணத்தின் இறுதி என்று பொதுவாகக் கூறுவாரும் உளர். இவற்றுள் எதனையும் தவறென்று தள்ளவேண்டுவதில்லை. ஆயின் குறியீட்டுக்குப் பொருள் கூறிய அளவில் பார்வையை நிறுத்திக்கொண்டால், ஓவியம் ஒரு விடுகதையாகச் சுருங்கிவிடும். விடை தெரிந்தபின் அதனைப் பார்க்க வேண்டிய தேவையே இராது. விடை தெரிந்த பின்னும் இவ்வோவியத்தை விட்டுக் கண்ணை எடுக்க இயலாமைக்குக் காரணம் வேறு. அதனை உணரத் தமிழ் மரபு தரும் கருவிகள் பெரிதும் உதவுகின்றன.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இழவு என்பது உயிரையோ பொருளையோ இழத்தல். அசைவு என்பது முன்னை நிலை கெட்டுத் தளர்தல். மெய்ப்பாடு தன்னிடத்துத் தோன்றுதலும் பிறரிடத்துத் தோன்றுதலும் ஆகிய இருவகையும் உண்டு என உரையாசிரியர் விளக்குவர். இப்பகுப்பைக் கொண்டு நோக்கினால் 1902 ஆம் ஆண்டு ஓவியம் இழவு பற்றியது. தன்னிடத்துத் தோன்றிய துயரம் அது. ஒட்டக ஓவியம் அசைவு பற்றியது; பிற உயிரிடத்துக் கண்ட துயரம். இரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவனீந்திரர் தம் மகளுக்காக அழுத நிலையிலிருந்து, பெயரில்லாத ஒரு சுமை விலங்கிற்காக இரங்கும் நிலைக்கு வந்து சேர்ந்தார். அவர்தம் வாழ்வின் உயர்ந்த வளர்ச்சி இதுவே எனலாம்.

திணை நோக்கிலும் இதனைக் காணலாம். ஒட்டகம் நடந்து வந்தது பாலை. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். ஓவியத்தில் உள்ளதோ கதிர் சாயும் பொழுது. அது எற்பாடு, நெய்தலுக்கு உரியது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். நிலம் மயங்காது, பொழுதும் உரிப்பொருளும் மயங்கும் என்பது இலக்கண மரபு. பாலையின் நிலத்தில் நெய்தலின் பொழுது வந்து கலந்தமையால், பிரிவின் வெம்மை தணிந்து இரங்கலின் செம்மை படர்கிறது. பகலின் வெயிலில் இவ்விலங்கு வீழ்ந்திருந்தால் அது கொடுமையின் காட்சியாக இருந்திருக்கும். பார்ப்பவர் உள்ளத்தில் சினம் எழும். அந்தியில் வீழ்வதால் சினத்திற்கு இடமின்றி இரக்கம் நிறைகிறது. பொழுதைத் தேர்ந்ததில் ஓவியரின் உள்ளம் வெளிப்படுகிறது.

பொதி அவிழ்க்கப்படாமல் இருப்பதும் இவ்வாறே. பயணம் முடிந்தது; சுமை முடியவில்லை. அகப்பாடலில் இறைச்சி என்பது சொல்லப்பட்ட பொருளின் புறத்தே தோன்றுவது. இங்கே பொதிக்கு உரியவன் காட்டப்படவில்லை. அவன் இல்லாமையே அவனைப்பற்றிப் பேசுகிறது. சுமை ஏற்றியவன் யார் என்னும் வினா, ஓவியத்தைக் காண்பவரையே நோக்கித் திரும்புகிறது.

மாணாக்கர் வழியே தெற்கே

அவனீந்திரர் தம் முறையை மாணாக்கர்க்குக் கட்டளையாக விதித்தவர் அல்லர். ஜோராசாங்கோ இல்லத்தின் தென்தாழ்வாரத்தில் அண்ணன் தம்பியர் அமர்ந்து வரைவதும் எழுதுவதும் காண்பதே பெருங்கல்வியாக இருந்தது. நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார் முதலியோர் அவரிடம் பயின்றனர். மைசூரைச் சேர்ந்த கே. வெங்கடப்பாவும் அவர் மாணவரே. உதகை, கொடைக்கானல் மலைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டியவர் அவர். ஈழத்துத் தமிழ்க் குடியில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இவ்வியக்கத்துக்குத் துணைநின்று எழுதினார். நிவேதிதை தொடங்கி அவர் நிறைவு செய்து 1913 இல் வெளிவந்த புராணக்கதை நூலுக்கு அவனீந்திரரின் மேற்பார்வையில் ஓவியங்கள் வரையப்பெற்றன.

அவரிடம் ஓவியம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக அமர்ந்து 1957 வரை பணியாற்றினார். ஹாவெல் சென்னையிலிருந்து கல்கத்தாவிற்குக் கொண்டு சென்ற விளக்கு, இவ்வாறு சென்னைக்கே மீண்டது. மெரீனா கடற்கரையில் 1959 இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரியின் படைப்பு. ஆசிரியரின் ஓவியத்தில் சுமை உயிரை வீழ்த்துகிறது. மாணவரின் சிலையில் நால்வர் கூடிப் பாறையைப் பெயர்க்கின்றனர். ஒன்றில் தனிமையும் மற்றதில் கூட்டுறவும் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்து எண்ணுவார்க்கு ஒன்று மற்றதன் மறுமொழியாகத் தோன்றும். 

மறுப்புக் குரல்கள்

அவனீந்திரரின் பள்ளிக்கு எதிர்ப்பும் எழுந்தது. உடல்களில் உறுதியில்லை, எங்கும் மூட்டம், எதிலும் சோகம் எனக் குறை கூறினர். அம்ரிதா ஷெர்கில் போன்ற பின்வந்த ஓவியர்கள் வங்கப் பாணியைக் கடுமையாக மறுத்தனர். இக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. மூட்டத்தை மட்டும் கற்றுக்கொண்டு துயரத்தைக் கல்லாதவர்கள் வரைந்த படங்கள் மிகப் பல. இழவும் அசைவும் இல்லாத இடத்தில் அழுகையை வருவித்தால் அது மெய்ப்பாடாகாது, பொய்ப்பாடாகவே நிற்கும். கவிஞர்க்கும் இது பொருந்தும். அந்தி, தனிமை, உதிர்ந்த மலர் ஆகிய சொற்களை அடுக்கினால் மட்டும் கவிதையில் துயரம் வந்துவிடுவதில்லை. அவனீந்திரர் ஒட்டகத்தை வரையுமுன் ஒரு மகளைப் பறிகொடுத்திருந்தார். அத்துயரை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிராமல், பத்தாண்டுக் காலம் நீரில் அமிழ்த்தி எடுத்திருந்தார்.

இறுதிக் காலம்

1921 முதல் 1929 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வாகேசுவரிப் பேராசிரியராக இருந்து அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், கலையியலில் வங்கமொழி பெற்ற அரிய செல்வம். 1930 இல் அரேபிய இரவுகள் கதை வரிசையைத் தீட்டினார். பாக்தாது நகரக் கதைகளில் கல்கத்தாவின் கடைவீதிகளும் மாடிவீடுகளும் புகுந்தன. அதன்பின் தூரிகை மெல்ல ஓய்ந்தது.

1941 ஆகஸ்டு 7 ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அதே நாளில் இரவீந்திரநாதர் மறைந்தார். பிறந்தநாள், சிற்றப்பாவின் நினைவு நாளாயிற்று. மக்கள் திரளின்மேல் மிதந்து சென்ற அவ்விறுதிப் பயணத்தை அவனீந்திரர் படமாக வரைந்தார். அக்கால அளவிலேயே ஜோராசாங்கோ இல்லமும் கைமாறியது; தென்தாழ்வாரத்தை விட்டு அவர் வராகநகரில் வேறொரு வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். 1942 இல் விசுவபாரதியின் தலைமைப் பொறுப்பை ஏற்றுச் சில ஆண்டுகள் நடத்தினார். அவர் சொல்லச் சொல்ல ராணி சந்தா எழுதிய நினைவு நூல்கள் இரண்டும் இக்காலத்தன.

முதுமையில் அவர் கைகள் வேறொரு வேலையில் ஈடுபட்டன. உதிர்ந்த கிளை, காய்ந்த வேர், எறிந்துவிட்ட மரத்துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து, சிறிதே செதுக்கி, விலங்காகவும் பறவையாகவும் மனிதராகவும் காணச் செய்தார். கட்டும் குட்டும் என்று அவற்றுக்கு விளையாட்டுப் பெயரும் இட்டார். பிறர் பயனற்றதென ஒதுக்கியவற்றில் அவர் உயிரைக் கண்டார்.

சிறுபாணாற்றுப்படை பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், நெய்தல் நிலக் கரையில் அலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரத்தை, மடிந்து உறங்கும் ஒட்டகத்திற்கு ஒப்பிட்டார். கரையொதுங்கிய மரக்கட்டையில் ஒட்டகத்தைக் கண்ட அக்கண் தமிழ்ப் புலவருடையது. வேரிலும் கிளையிலும் விலங்குகளைக் கண்ட கண் வங்க ஓவியருடையது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். புலவரின் ஒட்டகம் உறங்குகிறது. ஓவியரின் ஒட்டகம் வீழ்கிறது. ஓய்ந்து கிடக்கும் ஒன்றைக் கண்டும் காணாது கடந்து போகாமை இருவர்க்கும் பொது.

1951 டிசம்பர் 5 ஆம் நாள் அவனீந்திரநாத தாகூர் மறைந்தார். அவர் வரைந்த ஒட்டகம் இன்னும் முழுதும் வீழ்ந்துவிடவில்லை. அதன் பின்னுடல் தாழாமல் நிற்கிறது, பொதியும் அவிழ்க்கப்படவில்லை. அதன் அருகே சென்று கட்டை அவிழ்க்கும் கை, காண்பவருடையதாக இருத்தல் வேண்டும்.